அட்டையில் இல்லாத வசனம்

ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மழை வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

நாகலாபுரத்துக்குத் தெற்கே, தார் ரோட்டை விட்டு இறங்கி மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் வரும் சின்ன ஊர் அது. என் மகள் ஹெப்சியைக் கட்டிக்கொடுத்த ஊர். ஐப்பசி பிறந்தும் அந்த வருஷம் மழை இறங்கவில்லை. புழுதியிலேயே விதைத்துவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு எறங்கிரும், பாத்துக்கோங்க" என்று வாசல் வழியாகப் போன ஒருவர் பூரிப்போடு சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயை அடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

கரிசலைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்து கிடக்கும்போது கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். நல்ல தூறல் விழுந்துவிட்டால் களியாகிச் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். கார் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

எங்கள் பழைய கார் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றது. உள்ளே என் மகள் எட்டு மாத வயிற்றோடும், வீங்கிப்போன முகத்தோடும் படுத்துக்கிடந்தாள். மழைக்கு முன்னால் அவளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவளை அனுப்பத்தான் அந்த வீட்டில் சம்மதம் இல்லை.

டாக்டரம்மா சொன்னது

இது நடந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். முதல் பிரசவத்துக்குப் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர ஏழாம் மாதமே கேட்டிருந்தேன். "இப்ப அசையக் கூடாதுன்னு ஜெபவீட்டுல சொல்லிட்டாவ" என்று பதில் வந்தது. ஊழியக்காரர் ஒருவர் தன் வீட்டில் நடத்துகிற ஜெபக்கூட்டம் அது, சம்பந்தியம்மா அங்கே தவறாமல் போவார். எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டது என் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம் என்பதை இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்கள் அறிவார்கள்.

முந்தின நாள் மாப்பிள்ளை அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிரஷர் எகிறிக் கிடக்கிறது, சிறுநீரில் உப்பு இறங்குகிறது, இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து, ஆப்பரேஷன் பண்ணி முன்கூட்டியே பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி, அதே கோவில்பட்டியில் இருக்கும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்ப ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஹெப்சி போன் பண்ணினாள். குரலே கம்மிப்போயிருந்தது.

"அம்மா, யாருக்கும் தெரியாமப் பேசுதேன். தலை விண்ணு விண்ணுனு வலிக்கி. செவுத்துல இருக்க காலண்டரு ரெண்டு ரெண்டாத் தெரியுது. அப்பாவக் கூட்டிட்டு வாங்கம்மா."

என் வீட்டுக்காரர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு காரை எடுத்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எட்டயபுரம் தாண்டும்போதும் அவர் கன்னத்தில் சோப்பு அப்படியே காய்ந்திருந்தது.

வருஷப் பிறப்புத் தட்டு

இந்த இடத்தில் எங்கள் சபைகளில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து எடுத்த ஒரு வசனம் அச்சடித்திருக்கும். வரிசையாகப் போய், கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அதுதான்.

எடுப்பதில் தப்பில்லை. நானும் எடுத்திருக்கிறேன். ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்கு, நீ வாலாக மாட்டாய், தலையாவாய் என்கிற மாதிரி வந்தது. அவர் வேலை பார்த்த கூட்டுறவு வங்கியில் மானேஜர் நாற்காலியைப் பார்த்தபடியே ஓய்வு பெற்றார். எனக்கு ஒரு வருஷம் மலடியைச் சந்தோஷமாகப் பாடச் சொல்லும் வசனம் வந்தது. அப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார்.

சிரித்துவிட்டு விட்டுவிட்டால் பரவாயில்லை. ஆனால் வேதத்துக்குப் பதிலாக அட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. பைக்கில் வசனம், டிராக்டரில் வசனம், போன் அடித்தால் வசனம், காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸப்பில் வசனம். ஜெபித்துக் கொடுத்த எண்ணெய், ஜெபித்துக் கொடுத்த கைக்குட்டை. கெட்ட கனவு வந்தால் தலையணைக்கு அடியில் பைபிள். அந்த பைபிளைத் திறந்து ஒரு அதிகாரத்தை முழுசாக வாசிக்கிற வேலை மட்டும் யாருக்கும் ஒத்துவரவில்லை. அது ஜிப் வைத்த உறைக்குள் ஞாயிற்றுக்கிழமை வரை பத்திரமாகத் தூங்குகிறது.

என் அப்பா விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் உபதேசியாராக இருந்தவர். எந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு அதிகாரம் முழுதாக வாசித்து முடித்தால்தான் சோற்றில் கை வைப்பார். நீளமான அதிகாரமாக அமைந்துவிட்டால் சோறு ஆறி, குழம்பு உறைந்து, கூடப் போன நான் பசியில் அழுதிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப காலம் இருந்தது.

ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார்: "டீச்சர், உங்களுக்கு வாக்குத்தத்தங்களில் நம்பிக்கை இல்லையா?" இருக்கிறது அம்மா. அதனால்தான் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

நாற்காலியின் நுனியில்

சம்பந்தியம்மா ஜெயமணி எங்களை நல்லபடியாகத்தான் வரவேற்றார். சம்பந்திப் பெண்கள் ஒருவரை ஒருவர் மயினி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வாங்க மயினி, வாங்கண்ணே. காபி குடிங்க. எனக்கு இன்னைக்கு உபவாசம். மத்தியானம் ஜெபம் வச்சிருக்கேன். நீங்களும் இருந்துட்டுப் போங்க."

"காபி இருக்கட்டும் மயினி. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். மழை வேற கூடி நிக்கி."

அவர் வாசல் நிலைக்கு மேலே கையைக் காட்டினார். லேமினேஷன் போட்டு ஆணி அடித்து மாட்டிய அட்டை. தேவதூதர்கள் உன்னைக் கையில் ஏந்திக்கொள்வார்கள், உன் கால் கல்லில் இடறாது என்கிற அந்தப் புகழ்பெற்ற வசனம். ஓரத்தில் இரண்டு புறா.

"இந்த வருசம் என் கையால எடுத்தது. ரெண்டு மாசத்துல இவ முழுகாம இருக்கான்னு சேதி. அப்ப அது யாருக்கு வந்த வசனம்? நீங்களே சொல்லுங்க. ஜெபவீட்டு அண்ணன்கிட்டயும் கேட்டுட்டேன். தூதர்மாரு ஏந்துத பிள்ள மேல கத்தி எப்படிம்மா படும்னு சொன்னாவ. எண்ணெயும் ஜெபிச்சுக் குடுத்துருக்காவ."

"டாக்டரம்மா வலிப்பு வந்துரும்னு சொல்லிருக்காவளே?"

"அவிய படிச்சத அவிய சொல்லுதாவ. நாம நம்புதத நாம செய்யணும்."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். சாம் தங்கமான பிள்ளை. அம்மாவுக்கு அடங்கின பிள்ளை என்பதும் அதில் சேர்த்தி.

"மாப்ள, நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அத்த... ஜெபம் முடியட்டும். அதுக்கப்புறம் பாப்போம்."

பெண்ணைக் கொடுத்தவர்கள் சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற கணக்கு வகுப்பை ஒரு அதட்டலில் அடக்கியவள் நான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கண்ணாலேயே "பொறு" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் நானும் நினைத்து அவள் படுத்திருந்த அறைக்குள் போனேன். பாதமெல்லாம் எண்ணெய் மினுங்கியது. விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"கெளம்புட்டி, போவோம்" என்றேன்.

"அவிய வராம நான் எப்படிம்மா வருவேன்? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, 'விசுவாசமில்லாம ஆஸ்பத்திரிக்குப் போனா, அதான் இப்படி'ன்னு காலத்துக்கும் சொல்லுவாவ. என்னால அதத் தாங்க முடியாது."

அவள் சொன்னது நியாயம். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. உயிர் போகிற நேரத்திலும் ஒரு பெண் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

பிறகு என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்: "அம்மா, ஜெபத்துல உங்களத்தான் வாசிக்கச் சொல்லுவாவ. மத்தேயு நாலு வாசிங்க."

"எதுக்கு?"

"வாசிங்கம்மா. படுத்துக்கிட்டே வாசிச்சிட்டு இருந்தேன், எழுத்து தெரியுத வரைக்கும். எனக்குச் சொல்லத் தைரியம் வரல."

மத்தேயு நாலு என்றதும் எனக்கு வனாந்தரம், கல், அப்பம் என்றுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு தலைவலியில் இவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். இடி ஒன்று தூரத்தில் உருண்டது.

ஆளுக்கு ஒரு வசனம்

எங்கள் வீட்டு ஜெபங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு வேதவாசிப்பு. விருந்தாளி வந்திருந்தால் எந்தப் பகுதி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் தொடங்க, உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். சம்பந்தி வீட்டில் எனக்குப் பேச்சுரிமை இல்லாமல் இருக்கலாம். வாசிப்பு உரிமை உண்டு. வேதம் வாசிக்கும்போது குறுக்கே பேசுகிற துணிச்சல் எங்கள் ஆட்களில் எவருக்கும் கிடையாது.

பாட்டு முடிந்தது. சம்பந்தியம்மா ஜெபித்தார். உபவாசம் இருந்த உதடு காய்ந்து வெடித்திருந்தது. மழைக்காகவும் ஜெபித்தார், புஞ்சைக்காகவும் ஜெபித்தார், மருமகளுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். நடிப்பில்லை. அதனால் எனக்கு அவரை வெறுக்கவும் வழியில்லாமல் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது.

"நீங்க ஒரு பாகம் எடுத்துக் குடுங்க மயினி."

"மத்தேயு நாலாம் அதிகாரம்."

நான், என் பக்கத்தில் மாப்பிள்ளை, அவருக்கு அடுத்து அவர் அம்மா, கடைசியில் என் வீட்டுக்காரர். ஹெப்சி அறையில் கட்டிலில் கிடந்தாள், கதவு திறந்திருந்தது. இந்த வரிசையை நான் திட்டம் போட்டு அமைத்தேன் என்று பிற்பாடு எங்கள் உறவில் பேசிக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் ஆயிற்றே! சத்தியமாக இல்லை. நாற்காலி கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம்.

முதல் வசனம் நான் வாசித்தேன். இயேசுவை வனாந்தரத்துக்கு ஆவியானவர் கொண்டுபோன இடம். மாப்பிள்ளை உபவாசத்தையும் பசியையும் வாசித்தார். சோதிக்கிறவன் வந்து கல்லை அப்பமாக்கச் சொன்னதைச் சம்பந்தியம்மா வாசித்தார். அதற்கு வந்த பதிலை வீட்டுக்காரர் வாசித்தார், சாப்பாட்டினால் மட்டுமல்ல, தேவன் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் மனிதன் பிழைப்பான் என்று. "ஒவ்வொரு" என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தினாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்டால் சிரிக்கிறார்.

ஐந்தாவது எனக்கு வந்தது. பிசாசு அவரை நகரத்துக்குக் கொண்டுபோய் ஆலயத்தின் உச்சியில் நிறுத்துகிறான். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வசனத்தின் மேல் என் கண் போய்விட்டது. ஹெப்சி என்ன கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாப்பிள்ளை வாசிக்க ஆரம்பித்தார். நீர் தேவனுடைய குமாரன் என்றால் கீழே குதியும் என்கிறான் பிசாசு. சும்மா சொல்லவில்லை, எழுதியிருக்கிறது என்று வேதத்தையே காட்டிச் சொல்கிறான். தூதர்களுக்குக் கட்டளையிடுவார், அவர்கள் உம்மைக் கைகளில்...

அங்கே அவர் குரல் நின்றது.

அண்ணாந்து நிலைக்கு மேலே பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இரண்டு புறாக்களுக்கு நடுவில் அதே வரி.

பொய்யான வரி இல்லை அது. வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஆண்டவரை நம்புகிறவனுக்காக எழுதப்பட்ட மெய்யான வரி. அதை மட்டும் பிய்த்து எடுத்துக் கையில் கொடுத்து, "குதி" என்று சொல்லப் பிசாசுக்கும் முடிந்திருக்கிறது. அந்தச் சங்கதி அட்டையில் இல்லை. புத்தகத்தில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை மிச்சத்தை வாசித்து முடித்தார். ரொம்ப மெதுவாக.

அடுத்த வசனம் சம்பந்தியம்மாவுடையது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். தகரக் கூரையில் முதல் துளிகள் படபடவென்று விழுந்தன. தெருவில் யாரோ மழை வந்த சந்தோஷத்தில் கூவினார்கள். வாசியுங்கள் மயினி, வாசியுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் வாசித்தார். இப்படியும் எழுதியிருக்கிறது, உன் தேவனாகிய கர்த்தரைச் சோதித்துப் பார்க்காதே என்று இயேசு சொன்னதை.

எட்டாவது வசனத்தை என் வீட்டுக்காரர் தொடங்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரூபிக்குக் கையெழுத்துப் போட்டது நாந்தான், மயினி" என்றார் சம்பந்தியம்மா.

ரூபி அவருடைய மூத்த மகள். ஹெப்சி அந்த வீட்டுக்குப் போகும் முன்பே இறந்துபோன நாத்தனார் ஒருத்தி உண்டு என்று எங்களுக்குத் தெரியும். எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"தலைப்பிரசவம். ஆப்பரேசன்னாவ. மருமவன் வெளியூர்ல இருந்தாரு, நான் கையெழுத்துப் போட்டேன். உள்ள போறப்ப சிரிச்சிக்கிட்டேதான் போனா. பெறவு என் பிள்ளய மூடித்தான் கொண்டாந்தாவ. இன்னொரு பிள்ளய என் கையால உள்ள அனுப்ப மாட்டேன்னு இருந்தேன். ஆண்டவரு பேர வச்சித் தப்பிக்கலாம்னு பாத்தேன் போல."

அறையிலிருந்து ஹெப்சியின் குரல் வந்தது.

"மாமி, படி இருக்கும்போது நான் எதுக்குக் குதிக்கணும்? படி வழியா எறங்கிப் போறேன். தூதர்மாரு அங்கனயும் வருவாவ."

சம்பந்தியம்மா போனை எடுத்தார். ஜெபவீட்டு அண்ணனுக்குத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மாப்பிள்ளை எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"போதும்மா. மாமா, வண்டிய எடுங்க."

களி

ஹெப்சியைப் பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுக்கப் போட்டோம். சம்பந்தியம்மா அவள் காலடியில் ஒண்டிக்கொண்டார். மாப்பிள்ளை முன்னால் ஏறினார். மழை அதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. வருஷம் பூராவும் காத்திருந்த மண்ணின் வாசனை குப்பென்று கிளம்பியது. எவ்வளவு நல்ல வாசனை அது! அன்றைக்கு நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை, சக்கரம் வழுக்க ஆரம்பித்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சறுக்கிப்போய் நின்றது. வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சேறு கண்ணாடியில் அடித்தது. தார் ரோடு எதிரே தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். சம்பந்தியம்மா உபவாச வயிற்றோடு, செருப்பை எங்கேயோ களியில் விட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு அவர் பக்கத்தில் நின்று தள்ளினார்.

ஹெப்சியின் விரல்கள் என் கைக்குள் ஒரு தரம் வெடுக்கென்று இழுத்தன. வலிப்புதான் வந்துவிட்டது என்று என் உயிர் போய்த் திரும்பியது.

"ஏட்டி, எப்சி! என்னட்டி பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. பயமா இருக்கு."

பக்கத்துப் புஞ்சையில் அதே ஊர்க்காரரான ராமசாமி அண்ணாச்சி மழையில் நனைந்துகொண்டு நின்றார். விதைத்தது பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் குடையைக்கூட விரிக்கவில்லை மனிதர். எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் டிராக்டரோடு வந்து இரும்புச் சங்கிலியைக் காரின் முன்னால் மாட்டினார்.

"அக்கா, பிள்ளயக் கெட்டியாப் பிடிச்சிக்கோங்க. கொஞ்சம் குலுங்கும்" என்றார்.

குலுங்கியது. தார் ரோட்டில் ஏறியதும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, "போங்க, போங்க" என்று கையை வீசினார். நன்றி சொல்லக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

கதவுக்கு வெளியே

டாக்டரம்மா எங்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தார். ஊசி போட்டு, பிரஷரைக் கொஞ்சம் இறக்கி, உடனே ஆப்பரேஷன் என்றார். காகிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது சம்பந்தியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை போட்டார். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் நானும் சம்பந்தியம்மாவும். அவர் சேலையில் களி காய்ந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. டெட்டால் வாடை. யாரோ ஒரு பிள்ளை எங்கோ அழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தோம்.

சம்பந்தியம்மா முந்தானைக்குள்ளிருந்து பைபிளை எடுத்தார். அவ்வளவு மழையிலும் உறை போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மயினி, பாதியில விட்டுட்டோம்லா. மிச்சத்தையும் வாசிங்க. என் கண்ணாடியக் காணும்."

வாசித்தேன். மூன்றாவது சோதனை, மலை, உலகத்து ராஜ்யங்கள். அப்பாலே போ சாத்தானே. பிறகு பதினோராம் வசனம். பிசாசு அவரை விட்டுப் போனான். உடனே தேவதூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள்.

"கடைசியில வந்துட்டாவளா?" என்று கேட்டார்.

"வந்துட்டாவ மயினி. அவரு குதிக்காம எறங்குனதுக்கு அப்புறம்."

இந்த இடத்தில் கதவு திறந்து வெள்ளை உடுப்பில் நர்ஸ் வந்து நின்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அந்தக் கதவு மூடியே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அந்த நேரத்தில் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "ஆண்டவரே" என்பதற்கு மேல் போகவில்லை.

கடைசியில் திறந்தது.

"பொம்பளப் பிள்ளை. எடை கம்மியா இருக்கு, கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். தாய்க்கு முழிப்பு வந்துருச்சு. பிரஷர் இன்னும் பாக்கணும், ஆனா பயமில்லை. ஒரே ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. அம்மா யாரு?"

நான் எழுந்துவிட்டேன். எழுந்தவள் திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கதவு அவருக்கு ஒரு தடவை திறந்திருக்கிறது.

"நீங்க போங்க மயினி" என்றேன்.

"நானா? நீங்கல்லா அம்மா."

"நீங்கதான். போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் சேற்றுக் காலோடு தயங்கி நின்றார். நர்ஸ் குழாயைக் காட்டினார். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார். வந்து என் தோளில் சாய்ந்துகொண்டார்.

"என்ன மயினி? என்ன ஆச்சு?"

"உசுரோட இருக்கா மயினி. எங்கிட்டத் தண்ணி கேட்டா. குடுக்கக் கூடாதுன்னுட்டாவ."